குடல் அழற்சி நோய்: அறுவை சிகிச்சைக்குக் காத்திருக்கும் நாட்கள்

குடல் அழற்சி நோய்க்குச் சிகிச்சை பெறும் அன்பர்களும் அவர்களுடைய குடும்பத்தாரும் எங்களிடம் அடிக்கடி இரண்டு கேள்விகளைக் கேட்கிறார்கள். "அறுவை சிகிச்சை வேண்டும் என்று சொல்லிவிட்டீர்கள், பிறகு எதற்காக வாரக்கணக்கில் காக்க வைக்கிறீர்கள்?" என்பது முதல் கேள்வி. இரண்டாவது அதற்கு நேர்மாறானது: "இப்போது வலி குறைந்திருக்கிறது, இன்னும் சில மாதங்கள் தள்ளிப்போட்டால் என்ன?"

இரண்டு கேள்விகளுமே நியாயமானவை. இரண்டுக்கும் விடை ஒன்றுதான். காத்திருக்கும் ஒவ்வொரு வாரமும் ஏதேனும் ஒரு காரணத்துக்காக இருக்க வேண்டும். அந்தக் காரணம் நோயாளிக்கும் குடும்பத்துக்கும் தெரிந்திருக்க வேண்டும். காரணமுள்ள காத்திருப்பு அறுவை சிகிச்சையைப் பாதுகாப்பானதாக ஆக்குகிறது. காரணமற்ற காத்திருப்பு நோய்க்குத்தான் வாய்ப்பளிக்கிறது. இவ்விரண்டையும் பிரித்தறிய உதவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எந்த நோய்க்கு, எதற்காக?

குடல் அழற்சி நோய் என்ற பெயரால் முக்கியமாக இரண்டு நோய்களைக் குறிப்பிடுகிறோம். ஒன்று, பெருங்குடலின் உட்பரப்பில் மட்டும் புண்களை உண்டாக்கும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். மற்றொன்று, வாய் முதல் ஆசனவாய் வரை எந்தப் பகுதியிலும் வரக்கூடிய, குடல் சுவரின் முழுத் தடிமனையும் தாக்கும் கிரோன் நோய். இரண்டும் நீண்டகால நோய்கள். பெரும்பாலும் இளம் வயதினரையும் நடுவயதினரையும் பாதிப்பவை.

பெரும்பாலோருக்கு மருந்துகளே போதுமானவை. மருந்துகளுக்குக் கட்டுப்படாத நோய், குடல் சுருங்கி உணவு செல்லத் தடை ஏற்படுதல், குடலுக்கும் தோலுக்கும் இடையிலோ குடலுக்கும் சிறுநீர்ப்பைக்கும் இடையிலோ ஃபிஸ்டுலா எனப்படும் புரைவழி உண்டாதல், பல ஆண்டுகள் புண்பட்ட பெருங்குடலில் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றங்கள் தோன்றுதல் ஆகிய நிலைகளில் அறுவை சிகிச்சை தேவைப்படுகிறது.

அல்சரேட்டிவ் கொலைட்டிஸில் பெருங்குடலையும் மலக்குடலையும் முழுவதுமாக அகற்றினால் குடலில் நோய் இருந்த இடமே இல்லாமல் போகிறது. கிரோன் நோயில் அவ்வாறு இல்லை. பழுதடைந்த பகுதியை மட்டும் அகற்றுகிறோம், அல்லது சுருங்கிய இடத்தை விரித்துத் தைக்கிறோம். நோய் பின்னாளில் வேறிடத்தில் திரும்பக்கூடும் என்பதால் குடலை இயன்றவரை காப்பாற்றுவது அங்கே முதன்மையான கடமை.

அறுவை சிகிச்சை என்றாலே "மருந்துகள் எல்லாம் கைவிட்ட பிறகு செய்வது" என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அது எப்போதும் சரியன்று. நெதர்லாந்திலும் பிரிட்டனிலும் நடத்தப்பட்டு 2017இல் வெளியான ஓர் ஆய்வு, சிறுகுடலின் கடைசிப் பகுதியில் மட்டும் கிரோன் நோய் உள்ள, வழக்கமான மருந்துகளால் குணம் காணாத நோயாளிகளை இரு பிரிவுகளாகப் பிரித்தது. ஒரு பிரிவினருக்கு லேப்ராஸ்கோப்பி முறையில் அந்தப் பகுதி அகற்றப்பட்டது. மறு பிரிவினருக்கு இன்ஃப்ளிக்சிமாப் மருந்து தரப்பட்டது. ஓராண்டின் முடிவில் இரு பிரிவினரின் வாழ்க்கைத் தரமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. உரிய நோயாளிக்கு உரிய நேரத்தில் செய்யப்படும் அறுவை சிகிச்சை, தோல்வியின் அடையாளம் அன்று; அதுவும் ஒரு சிகிச்சையே.

'திட்டமிட்ட' என்ற சொல்லின் பொருள்

மருத்துவர் "இது திட்டமிட்ட அறுவை சிகிச்சை" என்று சொல்லும்போது, "விருப்பமிருந்தால் செய்துகொள்ளலாம், இல்லாவிட்டால் விட்டுவிடலாம்" என்று சிலர் புரிந்துகொள்கிறார்கள். அது அதன் பொருள் அன்று. இன்றிரவே செய்தாக வேண்டிய கட்டாயம் இல்லை. நாள் குறித்து, உடலைத் தயார்ப்படுத்தி, முழு மருத்துவக் குழுவும் ஆயத்தமாக இருக்கும்போது செய்ய முடியும் என்பதே அதன் பொருள். தேவை உறுதியானது, நேரத்தை மட்டுமே நாம் தெரிவு செய்கிறோம்.

அந்தத் தெரிவுக்கும் எல்லை உண்டு. 2020இல் கோவிட் பெருந்தொற்றால் அறுவை அரங்குகள் பல மூடப்பட்டபோது, இங்கிலாந்தின் அறுவை மருத்துவர்கள் காத்திருப்போரை நான்கு நிலைகளாக வகைப்படுத்தினார்கள். முதல் நிலையினருக்கு ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள். இரண்டாம் நிலையினருக்கு ஒரு மாதத்துக்குள். மூன்றாம் நிலையினருக்கு மூன்று மாதங்களுக்குள். நான்காம் நிலையினர் மூன்று மாதங்களுக்கு மேலும் காத்திருக்கலாம். இந்த வகைப்பாடு எங்கும் பயன்படக்கூடிய ஓர் எளிய அளவுகோல். குடலில் துளை விழுந்தவர் முதல் நிலையில் இருப்பார். பெருங்குடலில் புற்றுநோய் கண்டறியப்பட்டவர் மாதக்கணக்கில் காத்திருக்கலாகாது. தற்காலிக ஸ்டோமாவுடன் நலமாக நடமாடி, அதை மூடுவதற்காகக் காத்திருப்பவருக்குச் சற்றுக் கூடுதல் அவகாசம் உண்டு.

குடல் அழற்சி நோய்க்கென்றே 2019இல் பிரிட்டனில் வெளியிடப்பட்ட பராமரிப்புத் தரநிலைகள், திட்டமிட்ட அறுவை சிகிச்சை பற்றி இரண்டு நிபந்தனைகளை ஒருசேரக் கூறுகின்றன. நோயாளியின் உடல்நிலை இயன்ற அளவு சீராக்கப்பட்ட உடனே அது செய்யப்பட வேண்டும். அறுவை சிகிச்சைக்குப் பரிந்துரைக்கப்பட்ட நாளிலிருந்து 18 வாரங்களுக்குள் செய்யப்பட வேண்டும். முதல் நிபந்தனை அவசரப்படுவதைத் தடுக்கிறது. இரண்டாவது, காலம் வீணாவதைத் தடுக்கிறது. 18 வாரம் என்பது நம் நாட்டின் சட்டமன்று. ஆயினும் உங்கள் காத்திருப்பு நான்கு மாதங்களைக் கடந்தால் காரணம் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு என்பதற்கு அது நல்ல ஆதாரம்.

உடலைத் தயார்ப்படுத்தும் வாரங்கள்

காத்திருப்பின் ஒரு பகுதி, உடலைத் தயார்ப்படுத்துவதற்கானது. குடலை வெட்டி இணைக்கும் தையல் ஆறுவதற்கு உடலில் புரதமும் இரத்தமும் போதுமான அளவில் வேண்டும். தொற்று இருக்கக் கூடாது. இவை இல்லாத உடலில் இணைப்பு பிரிந்து கசிவு ஏற்படும் ஆபத்து அதிகம். அப்படிக் கசிந்தால் மீண்டும் அறுவை அரங்குக்குச் செல்ல நேரிடும். ஆகவே பின்வருவனவற்றைச் சீர்செய்ய நாங்கள் நேரம் எடுத்துக்கொள்கிறோம்.

ஊட்டம்: ஆறு மாதங்களில் உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தால், அதாவது 60 கிலோ இருந்தவர் 54 கிலோவுக்கும் கீழே இறங்கியிருந்தால், அது கடுமையான ஊட்டக் குறைவாக இருக்கக்கூடும். அத்தகையோருக்கு அறுவை சிகிச்சைக்கு முன் குறைந்தது ஒன்று அல்லது இரண்டு வாரங்கள் ஊட்டச் சிகிச்சை தேவை. கிரோன் நோயில் சிலருக்கு இன்னும் சில வாரங்கள் தேவைப்படலாம். ஊட்டச்சத்துப் பானங்களை மட்டுமே உணவாகத் தரும் முறையும் உண்டு. அது எடையைக் கூட்டுவதுடன் அழற்சியையும் தணிக்கக்கூடும்.

குடல் சுருக்கம் உள்ளவர்கள் நார் மிகுந்த உணவைத் தவிர்க்க வேண்டும். வாழைத்தண்டு, முருங்கைக்காய்ச் சக்கை, கீரைத் தண்டு, கொய்யா விதை, ஆரஞ்சுச் சுளையின் தோல் ஆகியவை சுருங்கிய இடத்தில் சிக்கி அடைப்பை உண்டாக்கலாம். குழைந்த சோறு, இட்லி, இடியாப்பம், முட்டை, முள் நீக்கிய மீன், நன்றாக வேகவைத்து மசித்த பருப்பு ஆகியவை பெரும்பாலோருக்கு ஏற்றவை. பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் தயிர் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். ஒருமுறை வயிறு நிறைய உண்பதைவிட, சிறிது சிறிதாக ஐந்தாறு முறை உண்பது நல்லது.

இரத்தம்: குடலிலிருந்து இரத்தம் கசிவதாலும், நீண்டநாள் அழற்சியாலும் இரத்தசோகை உண்டாகிறது. அழற்சி இருக்கும் குடல் இரும்புச்சத்து மாத்திரைகளைச் சரியாக உறிஞ்சுவதில்லை. சிலருக்கு அம்மாத்திரைகள் வயிற்றுக் கோளாறையும் கூட்டும். ஹீமோகுளோபின் 10 கிராமுக்குக் கீழ் இருந்தால் நரம்பு வழியாக இரும்புச்சத்து ஏற்றுவதே முறை. அதன் பலன் இரத்தத்தில் தெரிய இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும்.

ஸ்டீராய்டு: நாளொன்றுக்கு 20 மி.கி. அல்லது அதற்கு மேற்பட்ட அளவில் பிரெட்னிசோலோனை ஆறு வாரங்களுக்கு மேல் எடுத்துக்கொண்டவர்களுக்கு, அறுவைக்குப் பின் தொற்றும் இணைப்புக் கசிவும் ஏற்படும் வாய்ப்பு கூடுகிறது. எனவே அந்த அளவைப் படிப்படியாகக் குறைக்க முயல்கிறோம். இதை நீங்களாகச் செய்யக் கூடாது. நீண்டநாள் ஸ்டீராய்டு எடுத்தவர் திடீரென நிறுத்தினால், உடல் தானே சுரக்க வேண்டிய ஹார்மோன் சுரக்காமல், இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். இன்ஃப்ளிக்சிமாப், அடலிமுமாப் போன்ற ஊசி மருந்துகள் வேறு வகையைச் சேர்ந்தவை. இவற்றின் காரணமாக மட்டும் அறுவை சிகிச்சையை நெடுநாள் ஒத்திவைக்கத் தேவையில்லை என்பதே அண்மைக்கால ஆய்வுகளின் முடிவு. கடைசி ஊசி எந்த நாளில் போடப்பட்டது என்பதை மட்டும் குறித்துவைத்துச் சொல்லுங்கள்.

சீழ்க்கட்டி: கிரோன் நோயில் வயிற்றுக்குள் சீழ் கட்டியிருந்தால், முதலில் ஸ்கேன் துணையுடன் குழாய் செலுத்திச் சீழை வெளியேற்றி, ஆன்டிபயாடிக் தந்து, தொற்று அடங்கிய சில வாரங்களுக்குப் பின் குடலை அகற்றுவது பெரும்பாலும் சிறந்தது. சீழுக்கு நடுவே அறுவை செய்தால் ஸ்டோமா வைக்க வேண்டிய தேவையும், நீளமான குடற்பகுதியை இழக்கும் வாய்ப்பும் அதிகம்.

காசநோயா, கிரோனா: இது நம் நாட்டுக்கே உரிய ஒரு காரணம். குடல் காசநோயும் கிரோன் நோயும் ஒன்றுபோலவே தோன்றும். இரண்டும் சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தை விரும்பித் தாக்குபவை. இரண்டிலும் காய்ச்சல், எடைக் குறைவு, வயிற்றுவலி உண்டு. சதைத் துணுக்குப் பரிசோதனையிலும் உறுதி கிடைக்காதபோது, காசநோய் மருந்தைத் தொடங்கி, இரண்டு மாதங்களுக்குப் பின் மீண்டும் கொலனாஸ்கோப்பி செய்து, புண்கள் ஆறினவா என்று பார்ப்பதுண்டு. இந்த இரண்டு மாதங்கள் வீணானவை அல்ல. காசநோய் என்று உறுதியானால் பலருக்கு அறுவை சிகிச்சையே தேவைப்படாமல் போகலாம். ஆனால், இந்த இடைவெளியில் அடைப்பின் அறிகுறிகள் கூடினால் இரண்டு மாதம் முடியட்டும் என்று இருந்துவிடக் கூடாது.

புகையிலை: பீடி, சிகரெட் புகைப்பவர்கள் அறுவைக்குக் குறைந்தது நான்கு வாரங்களுக்கு முன்பே நிறுத்த வேண்டும். கிரோன் நோயாளிகள் அதன் பிறகும் தொடவே கூடாது. அறுவைக்குப் பின் நோய் திரும்புவதற்கான காரணங்களில் புகைபிடித்தல் முக்கியமானது.

ஸ்டோமாவுக்கு இடம் குறித்தல்: குடலின் முனையை வயிற்றுத் தோலில் திறந்து, மலம் ஒரு பையில் சேருமாறு செய்வதே ஸ்டோமா. அது தேவைப்படலாம் என்றால், அறுவைக்கு முன்பே பயிற்சி பெற்ற செவிலியர் உங்களை உட்காரவைத்து, நிற்கவைத்து, குனியச் சொல்லி, வயிற்றில் ஏற்ற இடத்தைக் குறிப்பார். வேட்டி, புடவை, பேன்ட் எங்கே கட்டுகிறீர்கள் என்பதையும் கேட்பார். மடிப்பில் அமைந்த ஸ்டோமாவில் பை ஒட்டாது, கசியும், தோல் புண்ணாகும். பத்து நிமிடம் எடுக்கும் இந்த வேலை பல மாதத் துன்பத்தைத் தவிர்க்கிறது.

வரிசையில் நிற்கும் வாரங்கள்

காத்திருப்பின் மற்றொரு பகுதி, உங்கள் உடலைச் சார்ந்ததன்று, மருத்துவமனையைச் சார்ந்தது. உடல் தயாரான பின்பும் நாள் கிடைக்காமல் போகலாம். காரணங்களை ஒளிக்காமல் சொல்வதே முறை.

பெருங்குடல் முழுவதையும் அகற்றுவது, சிறுகுடலைக் கொண்டு புதிய மலப்பை அமைப்பது போன்றவை பல மணிநேர அறுவைகள். அன்றைய தினம் அந்த அரங்கில் வேறு பெரிய அறுவைக்கு இடமிருக்காது. இவற்றில் தேர்ச்சி பெற்ற அறுவை மருத்துவர்கள் எல்லா ஊர்களிலும் இல்லை. அறுவைக்குப் பின் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு படுக்கை ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும். அதே அரங்கையும் படுக்கையையும் புற்றுநோயாளிகளும், விபத்தில் அடிபட்டு நள்ளிரவில் வருபவர்களும் பகிர்ந்துகொள்கிறார்கள். எனவே குறித்த நாளில்கூடச் சில வேளைகளில் ஒத்திவைக்க நேரிடுகிறது. உண்ணாமல், உறங்காமல், ஊரிலிருந்து உறவினரை வரவழைத்துக் காத்திருந்த பின் "இன்று இல்லை" என்று கேட்பது எவ்வளவு வேதனை என்பதை நாங்கள் அறிவோம். அத்தகைய நாளில் அடுத்த தேதியைக் கேட்டுப் பெறாமல் வீடு திரும்பாதீர்கள்.

செலவுக்கான ஏற்பாட்டுக்கும் நாட்கள் தேவை. தகுதியுள்ள குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பளிக்கும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும், தனியார் காப்பீட்டிலும், திட்டமிட்ட அறுவைக்கு முன்அனுமதி பெற வேண்டும். குடும்ப அட்டை, ஆதார், காப்பீட்டு அட்டை ஆகியவற்றில் பெயரும் வயதும் ஒத்திருக்கின்றனவா என்று இப்போதே பாருங்கள். உடலைத் தயார்ப்படுத்தும் வாரங்களிலேயே இந்த வேலையையும் முடித்துவிட்டால் இரண்டு காத்திருப்புகள் ஒன்றாகிவிடும்.

கட்டங்களுக்கு இடையிலான இடைவெளி

அல்சரேட்டிவ் கொலைட்டிஸுக்கான அறுவை பெரும்பாலும் ஒரே நாளில் முடிவதில்லை. லண்டனில் உள்ள செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் ஆலன் பார்க்ஸ், ஜான் நிக்கோல்ஸ் ஆகிய இருவரும் 1978இல் விவரித்த முறையில், பெருங்குடலையும் மலக்குடலையும் அகற்றியபின், சிறுகுடலின் கடைசிப் பகுதியை மடித்து ஒரு பையாகத் தைத்து ஆசனவாயுடன் இணைக்கிறோம். அந்தத் தையல் ஆறும்வரை மலம் அங்கே செல்லாதிருக்க, இலியோஸ்டமி எனப்படும் தற்காலிக ஸ்டோமா வைக்கப்படும். இரண்டு மூன்று மாதங்களுக்குப் பின், பை நன்றாக ஆறியிருப்பதை உறுதிசெய்துகொண்டு, அதை மூடுகிறோம்.

மிகவும் மெலிந்தவருக்கும், அதிக ஸ்டீராய்டு எடுப்பவருக்கும் மூன்று கட்டங்கள் தேவைப்படும். முதலில் பெருங்குடலை மட்டும் அகற்றி ஸ்டோமா வைப்போம். உடல் தேறிய பிறகு, பல மாத இடைவெளியில், பை அமைப்போம். பின்னர் ஸ்டோமாவை மூடுவோம். மொத்தத்தில் ஓராண்டு ஆகலாம். வேலை, படிப்பு, வீட்டுப் பொறுப்புகள் ஆகியவற்றை இதற்கேற்பத் திட்டமிடுங்கள்.

இந்த இடைவெளியில் கவனிக்க வேண்டியது நீரிழப்பு. இலியோஸ்டமி வழியாக ஒரு நாளில் ஒன்றரை லிட்டருக்கு மேல் வெளியேறினால் அது அதிகம். தாகத்துக்கு வெறும் தண்ணீரை மேலும் மேலும் குடித்தால் உப்புச்சத்து இன்னும் வெளியேறும். ஓ.ஆர்.எஸ். கரைசலைக் குடித்து, மருத்துவமனையைத் தொடர்புகொள்ளுங்கள்.

இளம் பெண்களிடமும் அவர்கள் குடும்பத்தாரிடமும் ஒன்றைத் தனியாகப் பேச விரும்புகிறோம். இடுப்புக் குழிக்குள் செய்யப்படும் பை அறுவைக்குப் பின் கருக்குழாய்களைச் சுற்றி ஒட்டல்கள் உண்டாகி, கருத்தரிப்பது சிலருக்குக் கடினமாகலாம். லேப்ராஸ்கோப்பி முறை இதைக் குறைக்கிறது. பெருங்குடலை மட்டும் இப்போது அகற்றிவிட்டு, பை அமைப்பதைக் குழந்தைப்பேற்றுக்குப் பிறகு வைத்துக்கொள்வதும் சிலருக்கு ஏற்ற வழி. இதை அறுவைக்கு முன்பே, கூச்சமின்றி, மருத்துவரிடம் பேசுங்கள். கேள்வி கேட்க வேண்டியவர் நோயாளியே. அவருக்காகப் பிறர் முடிவெடுத்துவிடக் கூடாது.

நாமே நீட்டிக்கும் காத்திருப்பு

"ஆடி கழியட்டும்", "தம்பி கல்யாணம் முடியட்டும்", "பையனுக்குப் பரீட்சை இருக்கிறது" என்று குடும்பத்தார் நாளைத் தள்ளக் கேட்பதுண்டு. நிலையாக இருக்கும் நோயாளிக்கு ஓரிரு வாரங்கள் மாற்றித் தருவதில் எங்களுக்குத் தடையில்லை. மனம் ஒப்பி வருவதும் நன்மையே. ஆனால் கேட்பதற்கு முன், "இந்த நோய்க்கு இந்த ஒரு மாதம் என்ன செய்யும்?" என்று மருத்துவரைக் கேளுங்கள். புற்றுநோய்க்கு முந்தைய மாற்றத்துக்கும், அடிக்கடி அடைத்துக்கொள்ளும் குடலுக்கும் நாட்காட்டி தெரியாது.

வலி குறைந்த நாட்களில் தள்ளிப்போடுவது இன்னொரு பழக்கம். கிரோன் நோயின் வடு இறுகி உண்டான சுருக்கம், உணவைக் குறைத்துக்கொண்டால் வலிக்காமல் இருக்கும். அதனாலேயே அது விரிந்துவிட்டதாக ஆகாது. எடையைப் பார்த்தால் உண்மை தெரியும். வலி குறைந்து எடையும் குறைந்தால், நோய் குறையவில்லை, சாப்பாடுதான் குறைந்திருக்கிறது.

ஸ்டோமா பற்றிய அச்சமும் பலரைத் தயங்க வைக்கிறது. பையுடன் பேருந்தில் செல்பவர்களும், அலுவலகம் செல்பவர்களும், கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் தேவாலயத்துக்கும் செல்பவர்களும் இருக்கிறார்கள். செவிலியரிடம் கேட்டு ஒரு பையை வாங்கி வீட்டில் இரண்டு நாள் ஒட்டிப் பாருங்கள். பார்க்காத பொருள்தான் அதிகம் அச்சுறுத்துகிறது.

காத்திருக்கக் கூடாத நிலைகள்

திட்டமிட்ட அறுவை எந்த நேரத்திலும் அவசர அறுவையாக மாறலாம். கீழ்க்கண்டவற்றில் எது தோன்றினாலும் குறித்த தேதியை எண்ணிக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வாருங்கள். வர இயலாவிட்டால் 108ஐ அழையுங்கள்.

நாளொன்றுக்கு ஆறு முறை அல்லது அதற்கு மேல் இரத்தத்துடன் மலம் போவதும், அதனுடன் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சலோ நிமிடத்துக்கு 90க்கு மேல் நாடித்துடிப்போ இருப்பதும் முதல் அறிகுறி. கடுமையான கொலைட்டிஸை இவ்வாறு அளக்கும் முறையை 1955இல் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ட்ரூலவ், விட்ஸ் என்ற மருத்துவர்கள் வகுத்தனர். இன்றும் உலகெங்கும் அதையே பயன்படுத்துகிறோம். இந்நிலையில் மருத்துவமனையில் சேர்த்து, நரம்பு வழியாக ஸ்டீராய்டு கொடுத்து, மூன்றாம் நாள் அளவில் பலனை மதிப்பிடுவோம். பலனில்லையெனில் அடுத்த மருந்தா, அறுவையா என்பதை நாட்கணக்கில் முடிவு செய்தாக வேண்டும். இங்கே தாமதம்தான் ஆபத்து.

வயிறு உப்பி, தொடர்ந்து வாந்தி எடுத்து, மலமும் வாயுவும் போகாமல் நிற்பது இரண்டாவது. இது குடல் அடைப்பு. வயிறு முழுவதும் திடீரெனக் கடுமையாக வலித்து, தொட்டால் பலகைபோல் இறுகியிருப்பது மூன்றாவது. ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கு இந்த வலியும் இறுக்கமும் மழுங்கித் தோன்றலாம். ஆகவே அவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல், சிறுநீரில் காற்றோ மலமோ கலந்து வருதல் ஆகியவை நான்காவது.

ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தல், திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி ஆகியவை ஐந்தாவது. குடல் அழற்சி நோயாளிகளுக்கு இரத்தக்குழாயில் இரத்தம் உறையும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். படுத்தே இருக்காமல் இயன்றவரை நடப்பது இதற்கு நல்ல தடுப்பு. அது அறுவைக்குப் பின் விரைவில் எழவும் உதவும்.

இரண்டு மருந்துகளைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். வலிக்காகக் கடையில் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வாங்கிச் சாப்பிடாதீர்கள். அவை நோயைத் தூண்டக்கூடும். பாராசிட்டமால் பாதுகாப்பானது. இரத்தத்துடன் கடும் வயிற்றுப்போக்கு இருக்கும்போது அதை நிறுத்த லோபராமைடு எடுக்காதீர்கள். பெருங்குடல் ஆபத்தான அளவுக்கு வீங்கிவிடலாம்.

கேட்க வேண்டிய கேள்விகள்

அடுத்த முறை வெளிநோயாளர் பிரிவுக்கு வரும்போது பின்வருவனவற்றைக் கேட்டு, விடைகளை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

1. என் அறுவை எத்தனை வாரங்களுக்குள் செய்யப்பட வேண்டியது?
2. இப்போது நான் எதற்காகக் காத்திருக்கிறேன்: உடல் தேறுவதற்காகவா, அரங்கில் நாள் கிடைப்பதற்காகவா?
3. உடல் தேறுவதற்காக என்றால், எந்த அளவை எட்ட வேண்டும்? எடையா, ஹீமோகுளோபினா, ஸ்டீராய்டு அளவா?
4. குறித்த காலத்துக்குள் அந்த அளவை எட்டாவிட்டால் அடுத்த முடிவு என்ன?
5. நிலைமை மோசமானால் இரவிலும் விடுமுறையிலும் யாரைத் தொடர்புகொள்வது?
6. இங்கே நாள் கிடைக்கத் தாமதமானால் வேறு மருத்துவமனைக்கு அனுப்ப இயலுமா?

ஆறாவது கேள்வியைக் கேட்டால் நாங்கள் வருந்துவோம் என்று எண்ண வேண்டாம். உங்கள் உடல் தயாராகி, எங்களால் நாள் தர இயலாதபோது, தரக்கூடிய இடத்துக்கு உரிய குறிப்புகளுடன் அனுப்பிவைப்பதும் எங்கள் பணியே.

அதே நோட்டில் வாரம் ஒருமுறை எடையையும், தினமும் எத்தனை முறை மலம் போகிறது, இரத்தம் உண்டா என்பதையும், எடுக்கும் மருந்துகளின் அளவையும் எழுதிவாருங்கள். கொலனாஸ்கோப்பி, ஸ்கேன், சதைப் பரிசோதனை முடிவுகளை ஒரே கோப்பில் வையுங்கள். குடும்பத்தில் ஒருவர் இதற்குப் பொறுப்பேற்றுக்கொண்டால் நோயாளியின் சுமை குறையும். எடை இரண்டு வாரங்கள் தொடர்ந்து இறங்கினாலோ, மலம் போகும் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனாலோ, அடுத்த தேதி எப்போது இருந்தாலும், நோட்டை எடுத்துக்கொண்டு வந்து எங்களைப் பாருங்கள். வரிசையில் உங்கள் இடம் ஒருமுறை குறித்துவிட்டால் மாறாதது அன்று. உங்கள் உடல்நிலை மாறினால் அந்த இடமும் மாற வேண்டும். அந்த மாற்றத்தை முதலில் காண்பவர்கள் நீங்களும் உங்களைப் பார்த்துக்கொள்பவர்களும்தான்.